நாற்பத்தொன்பதாம் நாளுக்கு யார் பொறுப்பு?

என் சித்தப்பா மகன் மாலை போட்டால் குடிக்க மாட்டான். காலடிப்பேட்டையில் எங்கள் தெருவுக்கே தெரிந்த சங்கதி இது. கார்த்திகை முதல் தேதி கறுப்பு வேட்டி கட்டினான் என்றால் நாற்பத்தெட்டு நாளும் விடியலில் பச்சைத் தண்ணீர்க் குளியல், வெறுந்தரையில் படுக்கை, வாயில் சரணம். ஒரு சொட்டு உள்ளே போகாது. மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய மூன்றாம் நாள் பழைய கதை தொடங்கிவிடும். இரண்டு வருடமாக இப்படித்தான்.

இந்தப் புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டில் கூடினோம். ஆளுக்கு ஒரு வழி வைத்திருந்தோம். சித்திக்கு மறுபடியும் மாலைதான். மாமா, மின்கம்பத்தில் ஒட்டியிருந்த நோட்டீஸில் பார்த்த மருந்துப் பொடியைச் சொன்னார். சாம்பாரில் கலந்து கொடுத்தால் போதுமாம். தம்பியின் மனைவிக்கு யாரோ ஒரு மறுவாழ்வு மையத்தைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள்; போன் செய்தால் வேனில் ஆள் வந்து அழைத்துப் போவார்களாம். நான் சைக்காலஜிஸ்ட் என்றேன். தம்பி வாசற்படியில் உட்கார்ந்து செல்போனை நோண்டிக்கொண்டே, “யாரும் எதுவும் செய்ய வேண்டாம், நானே விட்டுவிடுவேன்” என்றான். “கால்கட்டு போட்டால் திருந்திவிடுவான்” என்று ஆறு வருடத்துக்கு முன்பு கல்யாணம் செய்து வைத்ததும் இதே கூட்டம்தான். அதை யாரும் நினைவுபடுத்தவில்லை.

என் பக்கச் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். நான்கு வருடத்துக்கு முன்பு வீட்டை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் கேஸ் ரெகுலேட்டரைப் பதினொரு முறை தொட்டுப் பார்ப்பேன். பத்து என்றால் மனம் ஒப்பாது. தெருமுனை வரை வந்துவிட்டுத் திரும்பியும் ஓடுவேன். முதலில் பார்த்த மனநலக் கவுன்சிலர் நான்கு முறையும் “நல்லதையே நினையுங்கள்” என்றார், பணம்தான் போயிற்று. அடுத்துப் பார்த்த அம்மாள் பேச்சைக் குறைத்து வேலை கொடுத்தார்: ஒரே முறை அணை, கிளம்பு, பஸ்ஸில் ஏறு, பயம் பத்துக்கு எத்தனை என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுது, வீட்டுக்குப் போன் செய்து கேட்காதே. முதல் நாள் ஒன்பதில் ஆரம்பித்தது. மின்ட் நிறுத்தம் வருவதற்குள் ஐந்துக்கு இறங்கியிருந்தது. பயத்தை அஞ்சி ஓடாமல் அதன் கூடவே உட்கார்ந்திருக்கப் பழக்கும் இந்த முறையை விக்டர் மேயர் என்பவர் 1966-இல் எழுதியிருக்கிறார் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். பதினான்கு அமர்வில் என் விரல்கள் ரெகுலேட்டரை விட்டன. ஆகவே நான் நடுநிலையாளன் இல்லை.

ஆனால் குடி வேறு, ரெகுலேட்டர் வேறு. தம்பி தினம் இரண்டு குவார்ட்டர் குடிப்பவன். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதில் சுத்த ஆல்கஹால் மட்டும் சுமார் 60 கிராம். மருத்துவர்கள் 10 கிராமை ஓர் அளவாகக் கணக்கிடுகிறார்கள். அப்படியானால் நாளொன்றுக்குப் பன்னிரண்டு அளவு. இதை எழுதி வைத்த பிறகுதான், எந்த வழி சிறந்தது என்று பேசுவதற்கு முன்னால் எந்த வழி ஆளைக் கொல்லாது என்று பார்க்க வேண்டும் என்பது எனக்கு உறைத்தது.

முதல் வருடம் கன்னிசாமியாக மாலை போட்ட மூன்றாம் இரவு நடந்தது இது. தம்பி எழுந்து துடைப்பத்தை எடுத்துச் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தான். “எறும்பு, எறும்பு” என்றான். சுவரில் ஒன்றுமில்லை. உடம்பு தெப்பமாக நனைந்திருந்தது, கை தம்ளரைப் பிடிக்கவில்லை. சித்தி அருள் வந்துவிட்டது என்று நெற்றியில் திருநீறு பூசினாள். நாங்களும் கையெடுத்துக் கும்பிட்டோம். இந்தப் புரட்டாசியில் மருத்துவரிடம் அதைச் சொன்னபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தினம் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையே இல்லாதது கண்ணுக்குத் தெரியும். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. நாங்கள் கும்பிட்டது அதைத்தான்.

எனவே “நானே விட்டுவிடுவேன்” என்ற தம்பியின் வழி முதல் சுற்றிலேயே விழுந்தது. கொஞ்சமாகக் குடிப்பவருக்கும், வாரம் ஒரு நாள் குடிப்பவருக்கும் அது நடக்கிற காரியம்தான். பலர் அப்படி நிறுத்தியிருக்கிறார்கள். காலையில் கை நடுங்குகிறவருக்கு வைராக்கியம் மட்டும் போதாது; அவரை முதலில் ஒரு மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

மாமாவின் பொடியும் விழுந்தது. விழ வேண்டும் என்று நான் சத்தம் போட்டேன் என்பதே உண்மை. டைசல்ஃபிராம் என்று ஒரு மாத்திரை உண்டு. 1940-களின் கடைசியில் டென்மார்க்கில் அதன் குணத்தைக் கண்டுபிடித்தார்கள். அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கிச் சுருண்டுவிடுவார். தெரிந்தே, மருத்துவர் பார்வையில், வீட்டார் கையால் வாங்கிச் சாப்பிடுகிறவருக்கு அது ஒரு வேலி. தெரியாமல் கொடுத்தால் அது விஷம் வைப்பதற்கு அடுத்த வீடு. நோட்டீஸ் பொடியில் என்ன இருக்கிறது என்பது விற்கிறவருக்காவது தெரியுமோ என்னவோ. இன்னொன்றும் இருக்கிறது. சாம்பாரில் எதையோ கலக்கிறார்கள் என்று ஒருநாள் தெரிந்துவிட்டால் அந்த வீட்டில் அவன் சாப்பிடவே மாட்டான்.

வேனில் வந்து தூக்கிப்போகும் மையம். இதில் தம்பி மனைவியின் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். இரவு பதினொரு மணிக்குக் கதவைத் தாழிட்டு, குழந்தையை நடுவில் போட்டுக்கொண்டு படுத்தவள் அவள். ஆனால் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, ஒருவரை அவர் சம்மதமில்லாமல் சேர்க்க வேண்டுமானால் அதற்கென்று நடைமுறை இருக்கிறது: தகுதியுள்ளவர்களின் பரிசோதனை, நோயாளியின் நியமனப் பிரதிநிதியின் விண்ணப்பம், நாள் வரம்பு. போன் செய்தால் வேன் வரும் என்பது அந்தச் சட்டத்தில் இல்லை. மையம் வேண்டும் என்றால் மாநில மனநல ஆணையப் பதிவு இருக்கிறதா, மருத்துவர் தினமும் வருகிறாரா, குடும்பத்தார் பார்க்க முடியுமா என்று கேட்க வேண்டும். நாங்கள் கேட்ட மையத்தில் முதல் மாதம் யாரும் பார்க்கக் கூடாது என்றார்கள். அத்தோடு போனை வைத்துவிட்டேன். நல்ல மையங்களும் இருக்கின்றன. அடையாறு பக்கம் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையின் மருத்துவமனை பலருக்கும் தெரிந்த பெயர். அங்கே குடும்பத்தாரையும் கூடவே உட்கார வைத்துச் சொல்லித்தருகிறார்கள். வீட்டில் இருந்துகொண்டு நிறுத்தவே முடியாது, சுற்றிலும் குடிக்கிறவர்கள்தான் என்ற நிலையில் உள்ளவருக்கு உள்ளே இருந்து பெறும் சிகிச்சைதான் சரி.

குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களை எங்கள் வீட்டில் யாருமே சொல்லவில்லை. நானும் அதைக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் நினைத்திருந்தேன்: நாலு பேர் உட்கார்ந்து பழங்கதை பேசினால் குடி போய்விடுமா? என் நினைப்பு தவறு. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2020-ஆம் ஆண்டுத் தொகுப்பு 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்துப் பார்த்தது. அந்தக் கூட்டங்களில் முறையாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருக்க வைப்பதில் மற்ற உளவியல் சிகிச்சைகளுக்குச் சளைத்ததல்ல, சில இடங்களில் மேல் என்றது. 1935-இல் அமெரிக்காவில் ஆக்ரன் நகரில் இரண்டு குடிகாரர்கள் ஆரம்பித்த இயக்கம். கட்டணமில்லை. சென்னையில் தமிழிலேயே கூட்டங்கள் நடக்கின்றன. தம்பிக்குப் பேசுவது பிடிக்காது. ஒரு கூட்டத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்தான். “அங்கே ஒருத்தர் என் கதையை எனக்கே சொன்னார்” என்றான். மறுபடி போவானா என்று கேட்டேன். பதில் இல்லை.

இப்போது மாலைக்கு வருகிறேன். மூடநம்பிக்கை என்று தள்ள எனக்கு மனமில்லை. நாற்பத்தெட்டு நாள் அது வேலை செய்கிறதே. ஏன் செய்கிறது என்று யோசித்தால் சிகிச்சையின் பாதிப் பாடம் அதற்குள்ளேயே இருக்கிறது. விதி தெளிவானது: கொஞ்சமாகக் குடி என்று சொல்வதில்லை, கூடவே கூடாது என்கிறது. நாள் முழுக்கச் செய்ய வேலை கொடுக்கிறது; மாலையில் பஜனை, அதாவது கடை திறந்திருக்கும் நேரத்தில் ஆள் வேறு இடத்தில். பேரே மாறிவிடுகிறது, தெருவில் எல்லோரும் சாமி என்கிறார்கள், பெரியவர்கள்கூட. எல்லாவற்றையும்விட முக்கியமானது, கூட்டாளிகள் யாரும் ஒரு சாமியிடம் தம்ளரை நீட்ட மாட்டார்கள். வேண்டாம் என்று அவன் சொல்லவே தேவையில்லை. கழுத்தில் கிடக்கும் துளசி மணி அவனுக்காகச் சொல்லிவிடுகிறது.

நாற்பத்தொன்பதாம் நாள் அந்தப் பதில் கழன்று விழுகிறது. தெரு அதேதான், கடையும் கூட்டாளிகளும் அதேதான், பேட்டா பணமும் அதேதான். வேண்டாம் என்று சொல்ல அவனுக்குப் பழக்கமில்லை, ஏனென்றால் நாற்பத்தெட்டு நாளில் ஒருமுறைகூட அவன் அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இதை அளவுகோலாக வைத்துத்தான் மற்ற வழிகளை எடைபோட்டேன். மருத்துவமனை முதல் வாரத்தைப் பார்த்துக்கொள்கிறது. மாலை நாற்பத்தெட்டு நாளைப் பார்த்துக்கொள்கிறது. அதற்கப்புறம்?

முதல் வாரத்துக்கு நாங்கள் அரசு மருத்துவமனைக்கே போனோம். வடசென்னைக்காரர்களுக்கு இதில் தூரம் ஒரு சாக்கு இல்லை. ஸ்டான்லியிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. அயனாவரத்தைத் தாண்டினால் 1794-இல் தொடங்கிய மனநல மருத்துவமனை. ஆனால் கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரையே நாம் வசவாக்கி வைத்திருக்கிறோம். ஆட்டோக்காரரிடம் இடத்தைச் சொல்ல சித்தி கூசினாள். நான்கு தெரு தள்ளியே இறங்கி நடக்கலாம் என்றாள். எட்டு நாள் உள்ளே இருந்தான். நடுக்கத்துக்கு மாத்திரை, வைட்டமின் பி-1 ஊசி, ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை. வெளியே வரும்போது ஏக்கத்தைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். எல்லாம் இலவசம். இதில் குறை என்று சொல்ல வேண்டுமானால் ஒன்றுதான்: புறநோயாளிப் பிரிவின் வரிசையைப் பார்த்தால், ஒருவரோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேச எந்த மருத்துவருக்கும் முடியாது என்பது நமக்கே புரியும்.

அந்த முக்கால் மணி நேரத்துக்காகத்தான் பெரம்பூரில் மருந்துக்கடை மாடியில் இருக்கும் சைக்காலஜிஸ்டிடம் போனோம். ஒரு அமர்வுக்கு ஆயிரம் ரூபாய். அதிகம் என்று மாமா முணுமுணுத்தார். இரண்டு குவார்ட்டரும் தொட்டுக்கொள்ளச் சுண்டலும் முட்டையுமாகத் தம்பியின் ஒரு நாள் செலவு நானூறு. வாரத்துக்கு இரண்டாயிரத்து எண்ணூறு. கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் அதைத் தாளில் போட்டுக் காட்டினேன்.

முதல் அமர்வில் அவர் குடியை நிறுத்து என்று சொல்லவே இல்லை. “நிறுத்துவது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? பத்துக்கு எத்தனை?” என்று கேட்டார். தம்பி யோசித்து, நாலு என்றான். எனக்குக் கோபம் வந்தது. நானாக இருந்தால் ஏன் எட்டு இல்லை என்று பிடித்துக்கொண்டிருப்பேன். அவர், “ஏன் இரண்டு இல்லை?” என்றார். இந்தக் கேள்வியில்தான் சூட்சுமம். ஏன் எட்டு இல்லை என்றால் ஆள் குடிப்பதற்குக் காரணம் தேடுவான்; ஏன் இரண்டு இல்லை என்றால் நிறுத்துவதற்குக் காரணத்தை அவன் வாயாலேயே சொல்வான். தம்பி வெகு நேரம் தரையைப் பார்த்தபடி இருந்துவிட்டு, “ராத்திரி நான் வந்தால் பாப்பா தூங்குவதுபோல் நடிக்கிறாள்” என்றான். ஆறு வருடத்தில் எங்களில் யாரிடமும் அவன் இதைச் சொன்னதில்லை. இந்தப் பேச்சு முறையை வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1983-இல் முதன்முதலில் எழுதினார். எதிராளி வாதாடினால் நம் பேச்சு முறையை மாற்ற வேண்டும் என்பது அதன் சாரம். எங்கள் குடும்பப் பஞ்சாயத்தின் சாரம் இதற்கு நேர் எதிர்.

இரண்டாவது அமர்வில் நாற்பது பக்க நோட்டு ஒன்று. குடிக்கத் தோன்றும்போதெல்லாம் எழுத வேண்டும்: மணி என்ன, எங்கே, யார் கூட, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, ஆசை பத்துக்கு எத்தனை. தம்பி டிரெய்லர் ஓட்டுகிறான். துறைமுகத்துக்கு வெளியே எண்ணூர் விரைவுச் சாலையில் மணிக்கணக்காக வரிசையில் நிற்கிற பிழைப்பு. எழுத நேரம் இருந்தது. அப்பா போன துக்கத்தில்தான் குடிக்கிறேன் என்று எப்போதும் சொல்வான், நாங்களும் நம்பினோம். மூன்று வாரத்தில் நோட்டில் பதினான்கு பதிவுகள். பதினொன்று, தண்டையார்பேட்டை யார்டில் சாவியை ஒப்படைத்துப் பேட்டாப் பணத்தைக் கையில் வாங்கிய நாட்கள். மணி ஏழுக்கும் ஏழரைக்கும் இடையில். மதியத்துக்குப் பிறகு எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. துக்கம் என்று ஒரே ஒரு பதிவு. துக்கம் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அவன் கால்களை நடத்திக்கொண்டு போனது பசியும் பணமும் வழியில் இருந்த கடையும்.

இது தெரிந்த பிறகு வைத்தியம் சின்னச் சின்ன வேலைகளாக ஆனது. பேட்டாவை மேற்பார்வையாளரே தம்பி மனைவியின் கணக்குக்கு ஜிபே செய்துவிடுகிறார். ஆறரை மணிக்கு நாலு இட்லி. யார்டிலிருந்து நடந்து வராமல் தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறிக் காலடிப்பேட்டையில் இறங்குகிறான். 2021-இல் அந்தப் பாதை திறந்தபோது இப்படி ஒரு உபயோகத்தை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். கூட்டாளி தோளில் கை போட்டுக் கூப்பிட்டால் என்ன சொல்வது என்பதைச் சைக்காலஜிஸ்டே கூட்டாளியாக நடித்துப் பழக்கினார். முதல் மூன்று தடவையும் தம்பி, “மாத்திரை சாப்பிடுகிறேன்” என்றே சொன்னான். “மாத்திரை முடிந்ததும்?” என்று அவர் கேட்டார். நான்காம் தடவை, “நான் விட்டுவிட்டேன்டா” என்றான். அறைக்குள் அதைச் சொல்லவே அவனுக்கு வியர்த்தது. நாற்பத்தெட்டு நாளும் துளசி மணி அவனுக்காகச் சொன்ன பதில் அது.

தீபாவளிக்கு முந்தின இரவு ஒரு குவார்ட்டர் குடித்துவிட்டான். பழைய தம்பி என்றால், ஏற்கெனவே குடித்தாயிற்று, இனி என்ன என்று ஒரு வாரம் ஓட்டியிருப்பான். ஒரு சறுக்கலை முழு வீழ்ச்சியாக்குவது இந்த நினைப்புதான் என்று ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் 1980-களிலேயே விளக்கியிருக்கிறார். அதைச் சைக்காலஜிஸ்ட் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். மறுநாள் காலை எண்ணெய் தேய்த்த தலையோடு எனக்குப் போன் செய்தான். “அண்ணா, நோட்டில் எழுதிவிட்டேன்.” நான் திட்ட வாயைத் திறந்து மூடிக்கொண்டேன்.

இவ்வளவும் தம்பி வர ஒப்புக்கொண்டதால் நடந்தது. வரவே மாட்டேன் என்கிறவர் வீட்டில் இருந்தால் செலவை அவருக்குப் பதில் உங்கள் மீது செய்யுங்கள் என்பேன். 1999-இல் அமெரிக்காவில் 130 குடும்பத்தாரை வைத்து நடந்த ஓர் ஆய்வில், அவர் குடிக்காத நேரத்தில் எப்படி நடந்துகொள்வது, குடித்த நேரத்தில் எப்படி விலகியிருப்பது என்று ஒரு பிரிவு வீட்டாருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அந்த வீடுகளில் குடிப்பவர்களில் 64 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து முகத்துக்கு நேராகக் கேட்கும் முறையில் 30 சதவீதம். எங்கள் புரட்டாசி ஞாயிறு இந்த இரண்டாவது வகை. அதிர்ஷ்டம் இருந்தது.

சைக்காலஜிஸ்டைத் தேர்ந்தெடுப்பதில் நான் பட்டுத் தெரிந்துகொண்டது: கவுன்சிலர் என்று போர்டு மாட்டியிருப்பவரெல்லாம் அந்தப் படிப்புப் படித்தவர் அல்ல. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு எண் இருக்கும், கூச்சப்படாமல் கேளுங்கள். வீட்டில் செய்ய என்ன வேலை கொடுப்பீர்கள், எத்தனை அமர்வில் மாற்றம் தெரிய வேண்டும் என்றும் கேளுங்கள். பணமில்லை, அல்லது யாரிடம் ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை என்றால் 14416. டெலி-மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது, இலவசம், இரவிலும் தமிழில் பேசலாம். வீடியோவில் பார்க்கும் சிகிச்சை என் ரெகுலேட்டர் மாதிரிப் பழக்கங்களுக்கு நன்றாகவே போதும். கை நடுங்குகிறவருக்குப் போதாது.

ஆறு அமர்வு முடிந்திருக்கிறது. நவம்பர் 17 அன்று கார்த்திகை பிறக்கிறது. மாலை போடலாமா என்று தம்பி சைக்காலஜிஸ்டிடம் தயங்கித் தயங்கிக் கேட்டான். அவர் சிரித்துவிட்டு, மாத்திரையை மட்டும் விடாமல் தாராளமாகப் போடுங்கள் என்றார். சித்திக்கு அன்று கோயில் மாவிளக்கு. அடுத்த வருடத் தினசரி காலண்டர் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. அதனால் நோட்டின் கடைசிப் பக்கத்தில், நாற்பத்தெட்டு நாளை விரல் விட்டு எண்ணி, அதற்கடுத்த நாளை எழுதி வட்டம் போட்டு வைத்திருக்கிறான்: ஜனவரி 4, மாலை 6.30, பெரம்பூர்.